வயிறு நிறைந்தவனின் சோகம்

ஒன்றாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் இரண்டு வட்ட முகங்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்றில் வாய் மேலே வளைந்திருக்கும். அதன் கீழே ‘ஹேப்பி’. இன்னொன்றில் வாய் கவிழ்ந்து, கண்ணோரம் ஒரு சொட்டு நீர் தொங்கும். அதன் கீழே ‘ஸேட்’. டீச்சர் குச்சியால் தொட்டுக் காட்ட, பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்வார்கள். எதிர்ச்சொல் பாடம் அங்கே முடிந்துவிடும். மூன்றே எழுத்துள்ள அந்தச் சொல்லை அதன்பிறகு யாரும் அகராதியில் தேடுவதில்லை. தேட என்ன இருக்கிறது? ஸேட் என்றால் சோகம்.

தேடிப் போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது அழும் முகம் அல்ல, ஏப்பம் விடும் முகம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒருவரை இந்தச் சொல்லால் குறித்தால், அவர் வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறார் என்று பொருள். பக்கத்துப் படத்தில் சிரிக்கும் ‘ஹேப்பி’யும் தொடக்கத்தில் மகிழ்ச்சியைக் குறிக்கவில்லை. ‘ஹேப்’ என்றால் தற்செயல், அதிர்ஷ்டம். அதிர்ஷ்டக்காரன்தான் ஹேப்பி. ஆக, நம் பிள்ளைகள் எதிர்ச்சொல் என்று மனப்பாடம் செய்யும் ஜோடியில் ஒருவன் அதிர்ஷ்டசாலி, மற்றவன் விருந்து உண்டவன். இரண்டு பேரையும் ஒரே கல்யாண வீட்டில் பார்த்திருக்கலாம்.

துக்கத்துக்குப் பழைய ஆங்கிலத்தில் வேறு சொல் இருந்தது. ‘உன்ரோட்’ என்பார்கள். ‘ரோட்’ என்றால் முகமலர்ச்சி. முன்னால் ஒட்டிய ‘உன்’ அதை இல்லை என்று மறுக்கும். முகம் வாடியவன் என்று நாம் சொல்வதற்குக் கிட்டத்தட்ட அதே வழி. அந்தச் சொல் வழக்கொழிந்து போனது. காலியான நாற்காலியில், எங்கோ பந்தியில் உட்கார்ந்திருந்த ‘ஸேட்’ மெல்ல வந்து அமர்ந்துகொண்டது. எப்படி வந்தது என்பதுதான் கதை.

முதலில் அதன் உறவுக்காரர்களைப் பார்த்துவிடலாம். ‘போதும்’ என்பதற்கு லத்தீனில் ‘ஸாடிஸ்’ என்று ஒரு சொல். ஆங்கிலத்தில் மனநிறைவைக் குறிக்கும் ‘ஸாடிஸ்ஃபேக்‌ஷன்’ அதிலிருந்து வந்தது. வேதியியல் வகுப்பில் உப்பு இனிமேல் கரையாது என்ற நிலைக்கு வந்த கரைசலைச் சொல்லும் ‘ஸாச்சுரேட்டட்’ அதே குடும்பம். சொத்தைக் குறிக்கும் ‘அஸெட்’ கூட இந்த வீட்டுப் பிள்ளைதான்: கடனை அடைக்கப் போதுமான அளவு ஒருவர் விட்டுச்சென்ற உடைமை என்று நீதிமன்றத்தில் தொடங்கிய சொல் அது. எள்ளல் இலக்கியத்துக்கு வழங்கும் ‘ஸட்டயர்’, பலவகைப் பழங்கள் நிறைந்த தாம்பாளத்தைக் குறித்த லத்தீன் தொடரிலிருந்து பிறந்தது. நிறைவும் போதுமும்தான் இந்தக் குடும்பத்தின் ஜாடை. அதில் ஒரு பிள்ளை மட்டும் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறது.

ஜெர்மனியில் இந்தப் பிள்ளையின் உடன்பிறப்பு இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது. இன்னொரு கரண்டி போட வந்தால் ஜெர்மன்காரர் ‘ஸட்’ என்பார், வயிறு நிறைந்துவிட்டது. அதே சொல்லை வைத்து, ‘எனக்கு இது அலுத்துப்போச்சு’ என்றும் சொல்வார். டச்சுக்காரர் வாயில் அதுவே குடித்து நிறைந்தவனையும் குறிக்கும். நிறைவிலிருந்து அலுப்புக்குப் போகும் தூரம் நமக்குப் புதிதல்ல. பந்தியில் மூன்றாவது முறை பாயசம் ஊற்ற வருபவரை, இலைக்கு மேல் இரு கைகளையும் விரித்து மறிப்போமே, அந்த இடம். தமிழில் அதற்குத் திகட்டல், தெவிட்டல் என்று பெயர். பிடித்த பண்டம்தான், ஆனால் இப்போது பார்க்கவே பிடிக்கவில்லை. அந்தத் திகட்டலிலிருந்து சலிப்புக்கு ஓர் அடி.

சலிப்பிலிருந்து நேரே சோகத்துக்கு இறங்கிவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் சொல் போன பாதை அத்தனை நேரானதல்ல. விருந்து உண்டவனுக்கு அலுப்பு மட்டுமா வருகிறது? உடம்பு கனக்கிறது. எழுந்திருக்க முடிவதில்லை. திண்ணையில் சாய்ந்தால் சாய்ந்ததுதான். இந்தக் கனத்தைப் பிடித்துக்கொண்டுதான் சொல் அடுத்த சில நூறு ஆண்டுகளைக் கடந்தது.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜான் விக்ளிஃபின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆங்கில பைபிள் கையெழுத்துப் படிகளாகப் பரவியது. லூக்கா நற்செய்தியில், வெள்ளம் வந்து மோதியும் அசையாமல் நின்ற வீட்டின் உவமை வருகிறது. அந்த வீடு எதன்மேல் கட்டப்பட்டது? அந்த மொழிபெயர்ப்பில் அது ‘ஸேட்’ ஆன கல். இன்றைய ஆங்கில மாணவர் படித்தால், பாவம், கல்லுக்கு என்ன கவலையோ என்று நினைப்பார். அன்றைய வாசகருக்கு அது திண்மையான, கெட்டியான, அசையாத பாறை.

கல்லுக்குப் பொருந்தியது மனிதருக்கும் பொருந்தியது. அதே காலத்தில் ஜெஃப்ரி சாஸர் எழுதிய ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் கிரிஸெல்டா என்ற பெண் வருகிறாள். கணவன் அவள் பொறுமையைச் சோதிக்க என்று பிள்ளைகளைப் பிரிக்கிறான், கடைசியில் அவளையே வீட்டை விட்டு அனுப்புகிறான். அவள் கலங்கவில்லை. அவளைச் சாஸர் இந்தச் சொல்லால்தான் வருணிக்கிறார். படும் பாட்டைப் பார்த்தால் சோகமானவள் என்றே இன்று தோன்றும். சாஸர் சொன்னது வேறு: உறுதியானவள், சுவர் போல நிலைத்து நின்றவள். நம் பாட்டிமார் ஒரு பெண்ணைப் பார்த்து ‘கனமான பொம்பள’ என்றால் எடையையா சொல்வார்கள்?

கனமானவர் கலகலவென்று சிரித்துக்கொண்டிருக்க மாட்டார். உறுதி கொஞ்சம் கொஞ்சமாக முகத்துக்கு வந்து ‘விளையாட்டில்லை’ என்ற பொருளாயிற்று. விளையாட்டில்லாத முகமும் வருந்தும் முகமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் அல்லவா? துக்கம் என்ற பொருள் 1300ஐ ஒட்டிய காலத்திலேயே எட்டிப் பார்த்துவிட்டது. அதன்பின் பல தலைமுறைகளுக்கு எல்லாப் பொருள்களும் ஒரே வீட்டில் கூட்டுக்குடித்தனம் நடத்தின.

அந்தக் கூட்டுக்குடித்தனத்தை வைத்து நகைச்சுவை பண்ணியவர் ஷேக்ஸ்பியர். ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தின் முதல் காட்சி. ஜூலியட் இன்னும் வரவில்லை. ரோமியோ வேறொரு பெண்ணை நினைத்து உருகிக்கொண்டிருக்கிறான். நண்பன் பென்வோலியோ, ‘விளையாட்டை விடு, நிஜமாகச் சொல், யார் அவள்?’ என்று கேட்கிறான். ‘நிஜமாக’ என்பதற்கு அவன் பயன்படுத்துவது ‘ஸேட்னஸ்’ என்ற சொல். ரோமியோவோ அதைச் சோகம் என்ற பொருளில் வேண்டுமென்றே பிடித்துக்கொண்டு, ‘என்ன, முனகிக்கொண்டே சொல்ல வேண்டுமா?’ என்று மடக்குகிறான். அரங்கில் சிரிப்பு எழுந்திருக்கும். இன்று அந்த இடத்தைப் படிப்பவருக்குச் சிரிப்பு வர அடிக்குறிப்பு வேண்டும். அடிக்குறிப்பு படித்துச் சிரித்தவர் யார்?

அதே ஆசிரியரின் ‘வெனிஸ் வணிகன்’ திரை விலகியதும் வணிகன் அன்டோனியோ பேசுவது தன் சோகத்தைப் பற்றி. ஏன் வந்தது என்று தனக்கே தெரியவில்லை என்கிறான். கடலில் போயிருக்கும் கப்பல்களை நினைத்துத்தான் இந்தச் சோகம் என்று நண்பர்கள் காரணம் கண்டுபிடித்துத் தருகிறார்கள், அவன் மறுக்கிறான். காதலா என்கிறார்கள், அதுவும் இல்லை. இங்கே சொல்லின் பொருளில் குழப்பமே இல்லை. முழுக்க முழுக்க இன்றைய சோகம்தான். காரணம் தெரியாமல் கவிந்துகொள்ளும் வகை. நாடகம் முடியும்வரைக்கும் அந்தக் காரணத்தை ஷேக்ஸ்பியர் வெளியே சொல்வதில்லை.

கனம் சோகமாவது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்தா? அப்படித் தெரியவில்லை. பெருந்துக்கத்தைக் குறிக்கும் ‘கிரீஃப்’ என்ற சொல்லைப் பிரித்தால், உள்ளே ‘கனமான’ என்று பொருள்படும் லத்தீனின் ‘கிராவிஸ்’ இருக்கிறது. புவியீர்ப்புக்கு நாம் பள்ளியில் படித்த ‘கிராவிட்டி’யும் அதன் பிள்ளைதான். மருத்துவர் சொல்லும் ‘டிப்ரெஷன்’ என்பது கீழே அழுத்தப்படுவது. தமிழில் நெஞ்சு கனக்கிறது, மனசு பாரமாக இருக்கிறது, சொல்லி அழுதால் பாரம் இறங்கும். சோகம் என்ற வடசொல் மட்டும் வேறு வழியில் வந்தது. அதன் வேரில் இருப்பது சுமை அல்ல, நெருப்பு. எரிவதைக் குறிக்கும் வேர் அது.

இதில் மிகவும் யோசிக்க வைப்பது டாஹிட்டித் தீவு. அமெரிக்கரான ராபர்ட் லீவி மனநல மருத்துவராக இருந்து மானிடவியலுக்கு வந்தவர். 1960களின் தொடக்கத்தில் பசிபிக் கடலில் உள்ள அந்தத் தீவு மக்களோடு வாழ்ந்து ஆராய்ந்தார். கோபத்துக்கும் வெட்கத்துக்கும் அவர்களிடம் நுணுக்கமான சொற்கள் இருந்தன. சோகத்துக்கென்று தனியாக ஒரு சொல்லை அவரால் காண முடியவில்லை. மனைவி பிரிந்துபோன ஆணிடம் எப்படி இருக்கிறாய் என்றால், உடம்பு சரியில்லை, களைப்பாக இருக்கிறது, கனமாக இருக்கிறது என்ற வகையில் பதில் வந்தது. ‘எனக்குத் துக்கம்’ என்று வரவில்லை. 1973இல் வெளிவந்த ‘டாஹிட்டியன்ஸ்’ நூலில் லீவி இதை விரிவாக எழுதினார். உணர்வு இருக்கிறது, அதற்கான சொல் மட்டும் வறண்டு கிடக்கிறது என்பது அவர் கணிப்பு. விக்ளிஃப் காலத்து ஆங்கிலேயர் ஒருவர் அந்தத் தீவுக்காரரின் பதிலைக் கேட்டிருந்தால், கனமாக இருக்கிறது என்பதற்குத் தன் ஊரில் ஒரு சொல் உண்டே என்று ‘ஸேட்’டை எடுத்து நீட்டியிருப்பார்.

ஆங்கிலத்தின் துக்கச் சொற்களில் ஏமாற்றுக்காரச் சகோதரர்களும் உண்டு. ‘ஸாரி’, ‘ஸாரோ’ இரண்டையும் பார்த்தால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றே யாரும் நினைப்பார்கள். இல்லை. ‘ஸாரி’ புண்ணையும் வலியையும் குறிக்கும் ‘ஸோர்’ என்ற சொல்லின் மகன். ‘தொண்டை வலி’க்கு ஆங்கில மருத்துவர் சொல்லும் அதே ‘ஸோர்’. ‘ஸாரோ’ வேறு குலம். ஜெர்மனின் ‘ஸோர்கெ’ அதன் உறவு. நெடுங்காலம் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்ததில் ஒன்றின் உச்சரிப்பு மற்றதற்கு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஜெர்மன் ‘ஸோர்கெ’வுக்கு இன்று துக்கம் என்று பொருளில்லை. அதன் பொருள் கவலை: நாளைக்கு என்ன ஆகுமோ என்ற கவலை. ஒரே வேரிலிருந்து கிளைத்த சொல் ஆங்கிலத்தில் நடந்துபோனதை நினைத்து அழுகிறது, ஜெர்மனில் நடக்கப்போவதை நினைத்து நகம் கடிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். மதுரையில் ‘கவலை’ என்றால் மகள் இன்னும் வீடு திரும்பவில்லையே என்ற பதைப்பு. யாழ்ப்பாணத்தில் ‘எனக்குச் சரியான கவலையாக் கிடக்கு’ என்று ஒருவர் சொன்னால் அது துக்கம். ‘வருத்தம்’ இன்னும் மோசம். ‘அம்மாவுக்கு வருத்தம்’ என்று சென்னையில் சொன்னால், யார் என்ன சொல்லிப் புண்படுத்தினார்கள் என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் சொன்னால் டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்பார்கள். அங்கே வருத்தம் என்பது நோய். ஸேட் என்பதற்குத் தமிழ் எது என்று கேட்பவரிடம், எந்த ஊர்த் தமிழ் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

சரி, இன்றைய புழக்கத்துக்கு வருவோம். தமிழ் பேசுகிறவர்கள் இந்தச் சொல்லில் இடறும் இடம் பெரும்பாலும் சாவு வீடுதான். ‘துக்கம்’ என்ற நம் சொல் உணர்ச்சியை மட்டும் குறிப்பதில்லை; நிகழ்ச்சியையும் குறிக்கும். ‘அவங்க வீட்ல ஒரு துக்கம்’ என்றால் யாரோ இறந்திருக்கிறார்கள். துக்கம் விசாரிக்கத் துக்க வீட்டுக்குப் போகிறோம். இந்தத் துக்கத்தின் இடத்தில் ஸேட் என்பதை வைக்க முடியாது. ஆங்கிலத்தில் ‘ஸேட் ஹவுஸ்’ என்றால் பார்க்கப் பரிதாபமான கட்டடம் என்று ஆகிவிடும், கூரை ஒழுகுகிறது போலும் என்று நினைப்பார்கள்.

இறந்தவரின் மகனிடம் ‘நான் ஸேடாக இருக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் பேச்சு சொல்பவரின் மனநிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆங்கிலேயர் அந்த இடத்தில் எடுப்பது ‘ஸாரி’யை: உங்கள் இழப்புக்கு ஸாரி. ஸாரி என்றால் மன்னிப்பு மட்டும்தான் என்று பழகிய நம்மவர், நான் என்ன தப்பு செய்தேன் என்று விழிப்பதுண்டு. அங்கே அது மன்னிப்பல்ல. தன் தாய்ச்சொல்லின் பொருளுக்கே திரும்பிப் போய், எனக்கும் வலிக்கிறது என்று சொல்கிறது. அந்தத் தொடரில் வரும் ‘இழப்பு’ நமக்கு அந்நியமில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானப்படுவது, இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. இழந்ததைச் சொன்ன ‘இழவு’ பிறகு சாவுக்கே பெயராகி, இப்போது பேனா எழுதாவிட்டால்கூட ‘என்ன இழவோ’ என்று திட்டும் அளவுக்கு வந்து நிற்கிறது.

அலுவலகத்தில் வேறு விதமான இடறல். மேலாளர் உங்கள் அறிக்கையைப் பார்த்து ‘அன்ஹேப்பி’யாக இருக்கிறார் என்று மின்னஞ்சல் வந்தால், அவர் கண்ணீர் விடுகிறார் என்று பொருளல்ல, அதிருப்தி, சரிசெய்து அனுப்பு என்பது அதன் உள்கருத்து. ‘அப்செட்’ என்றால் கோபமும் கலந்திருக்கும். ஸேட் இவற்றோடு சேராது. அதில் கோபம் கிடையாது, எதிர்ப்பு கிடையாது, அடுத்து என்ன செய்யலாம் என்ற கேள்வி கிடையாது. நடந்தது நடந்துவிட்டது, மனம் அதன்மேல் படிந்து கிடக்கிறது. அதனால்தான் செய்தி, பாட்டு, முடிவு, கண்கள் எல்லாவற்றுக்கும் அது அடைமொழியாகப் போய் எளிதில் ஒட்டுகிறது. நம் சினிமா ரசிகர்களும் ‘ஸேட் சாங்’ என்றே சொல்கிறார்கள். முதல் பாதியில் துள்ளலாக வந்த பாட்டு இரண்டாம் பாதியில் வேகம் குறைந்து, புல்லாங்குழலோடு திரும்பி வந்தால், அதன் பெயர் ‘ஸேட் வெர்ஷன்’. கேசட் காலத்தில் உறைகளில் ‘பேத்தோஸ்’ என்றும் போட்டார்கள். அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல்.

இந்தச் சொல்லை இகழ்ச்சிக்கும் எடுப்பார்கள் என்பதைப் பாடப் புத்தகம் சொல்லித்தருவதில்லை. சனிக்கிழமை மாலை முழுக்க வீட்டில் உட்கார்ந்து ரயில் அட்டவணை மனப்பாடம் செய்பவனைப் பார்த்து ஒரு பிரிட்டிஷ் இளைஞன் ‘ஸேட்’ என்றால் அனுதாபம் தெரிவிக்கிறான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘இப்படியும் ஒரு பிழைப்பா’ என்கிறான். கடந்த நூற்றாண்டின் இறுதியில் அங்கே இளைஞர் பேச்சில் இது வெகுவாகப் பரவியது. டொனால்ட் டிரம்ப் தன் ட்விட்டர் பதிவுகளை எதிராளியைத் தாக்கிவிட்டு ‘ஸேட்!’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்தது உலகப் பிரசித்தம். அதில் துளி சோகமும் இல்லை.

இது இன்று நேற்று வந்த குறும்பும் அல்ல. 1755இல் அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன், துக்கம் என்ற பொருளைப் பதிவு செய்துவிட்டு, கேலியாகக் குறைசொல்லும்போதும் இந்தச் சொல் வரும் என்று குறித்து வைத்திருக்கிறார். அந்த நூற்றாண்டில் ஊதாரி நண்பனைச் செல்லமாகத் திட்ட ‘ஸேட் டாக்’ என்பார்கள். சோக நாய் அல்ல, போக்கிரிப் பயல்.

மருத்துவத்திலும் இந்த மூன்று எழுத்து வந்து உட்கார்ந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வளர்ந்து அமெரிக்காவுக்குப் போன மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தால், அங்கே குளிர்காலம் வந்து பகல் சுருங்கும்போதெல்லாம் தன் சுறுசுறுப்பு வடிவதைக் கவனித்தார். நோயாளிகளிடமும் அதே வரிசை தெரிந்தது: பனிக்காலத்தில் சோர்வு, அதிகத் தூக்கம், மாவுப் பண்டங்களின்மேல் ஆசை, வசந்தம் வந்தால் சரியாகிவிடும். 1984இல் அவரும் சக ஆய்வாளர்களும் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டு, பருவத்தோடு வந்துபோகும் மனநிலைக் கோளாறு என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் மூன்று ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவது ஸேட். காலையில் பிரகாசமான விளக்குப் பெட்டியின் முன் உட்காருவது சிகிச்சைகளில் ஒன்று. வருடத்தில் பாதி நாள் வெயிலுக்குக் குடை தேடும் வேலூர்க்காரருக்கு இது விளங்கக் கொஞ்சம் நேரமாகும்.

2016 பிப்ரவரியில் ஃபேஸ்புக், ‘லைக்’ பொத்தானோடு வேறு ஐந்து முகக்குறிகளைச் சேர்த்தது. அதில் ஒன்று ‘ஸேட்’. அதற்கு முன்பெல்லாம் ஒருவர் தந்தை இறந்த செய்தியைப் போட்டால், அதன் கீழே ஐம்பது பேர் கட்டைவிரலை உயர்த்தியிருப்பார்கள். அந்தச் சங்கடம் தீர்ந்தது. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தின் வட்ட முகம், கண்ணோரத்துச் சொட்டு நீரோடு, இரங்கல் செய்தியின் கீழே வந்து வரிசையாக நிற்கிறது.

இவ்வளவு தூரம் வந்த பிறகும் பழைய கனம் முழுக்கப் போய்விடவில்லை. போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள் சலவைக்கட்டு, சாயப்பட்டறை, அடுப்படி.

மின்சாரம் வருவதற்கு முன் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் துணி தேய்க்க இருந்த ஒரு வகைப் பெட்டியின் பெயர் ‘ஸேட் அயர்ன்’. உள்ளே வெற்றிடமே இல்லாத கெட்டி இரும்பு. நம் தெருமுனை இஸ்திரி வண்டியில் இருப்பது வயிற்றில் கரி போட்டுக்கொள்ளும் பெட்டி. அந்த மாதிரி உள்ளீடற்ற பெட்டிகளிலிருந்து பிரித்துக் காட்டத்தான் இதற்கு ‘ஸேட்’ என்று பெயர். அடுப்பின்மேல் இரண்டு மூன்றை வரிசையாகச் சூடேற்றி, ஒன்று ஆற ஆற அடுத்ததை எடுக்க வேண்டும். கைப்பிடியும் இரும்பு, அதுவும் சேர்ந்து சுடும். கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டுதான் பிடிப்பார்கள். ஐயோவா மாநிலத்தின் ஒட்டும்வா ஊரைச் சேர்ந்த மேரி ஃப்ளாரன்ஸ் பாட்ஸ் என்ற இளம்பெண் 1871இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார்: கழற்றி மாட்டும் மரக் கைப்பிடி. மூன்று இரும்புக்கு ஒரு கைப்பிடி என்று செட்டாக விற்றார்கள். சூடான இரும்பில் மாட்டு, ஆறினால் கழற்று, அடுத்ததில் மாட்டு. ‘மிஸஸ் பாட்ஸ் ஸேட் அயர்ன்’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் போனது. இன்று பழம்பொருள் கடைகளில் கிடக்கும் அவற்றின்மேல் அந்தப் பெயரைப் பார்ப்பவர்கள், நாளெல்லாம் துணி தேய்த்த பெண்களின் சோகத்தால் வந்த பெயர் என்று எண்ணிக்கொள்வதுண்டு. எண்ணுவதில் தவறென்ன, அந்த வேலை அப்படிப்பட்டது. ஆனால் பெயருக்குக் காரணம் இரும்பின் எடை.

சாயக்காரர்களுக்கு ‘ஸேடன்’ என்பது வினைச்சொல். சாயத் தொட்டியில் கொஞ்சம் அன்னபேதி கரைத்து விட்டால், பளிச்சென்றிருந்த மஞ்சள் மங்கிப் பாசிப்பச்சையாக மாறும். இயற்கைச் சாயம் போடும் ஆங்கிலக் கைவினைஞர்கள் இன்றும் இதை, இரும்பு நிறத்தை ‘ஸேட்’ ஆக்கிவிட்டது என்றே சொல்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன் என்ற கிறித்தவப் பிரிவினர் விரும்பி உடுத்தியவை இத்தகைய ‘ஸேட்’ நிறங்கள்தான். கறுப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நல்ல கறுப்புச் சாயம் அன்று விலை அதிகம். துரு நிறம், பழுப்பு, அடர் ஊதா, மங்கிய பச்சை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 1850இல் நத்தானியேல் ஹாதார்ன் எழுதிய ‘ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலின் தொடக்கத்தில் சிறைவாசல் முன் கூடி நிற்கும் தாடிக்காரர்களின் உடை இந்த நிறத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் நடுவேதான் மார்பில் செவ்வெழுத்து அணிந்த பெண் வந்து நிற்கப் போகிறாள். மங்கல் நிறத்தை முன்கூட்டியே பரப்பி வைத்தது எழுத்தாளரின் சாமர்த்தியம்.

அடுப்படிக்கு வந்தால், மாவு பொங்காமல் தட்டையாகிப்போன ரொட்டியை வட இங்கிலாந்துப் பேச்சுவழக்கில் ‘ஸேட்’ என்பார்கள். மாவு புளிக்காத மார்கழிக் காலையில் இட்லியைக் கையில் எடுத்துப் பார்த்து நம் வீடுகளில் ‘கல்லு’ என்போமே, அது. லங்காஷயர் பகுதியில் அந்தப் பெயரை மறைக்காமல் ஒரு பண்டத்துக்கே வைத்துவிட்டார்கள். ‘ஸேட் கேக்’ என்பது உலர்திராட்சை வைத்துத் தட்டையாகத் தேய்த்துச் சுட்ட பிசைமாவுப் பண்டம். உப்பவேண்டும் என்ற எண்ணமே அதற்குக் கிடையாது. வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார்கள்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ‘பவுண்டு கேக்’ சுடும் பெண்களிடம் இன்னொரு சொல் உண்டு: ‘ஸேட் ஸ்ட்ரீக்’. கேக்கை வெட்டினால் அடிப்பாகத்தில் சில சமயம் ஈரமாக, கெட்டியாக, பொங்காமல் நின்றுபோன ஒரு பட்டை தெரியும். போட்டிக்கு வைத்த கேக்கில் அது தெரிந்தால் குறைதான். வீட்டில் அப்படியில்லை, அந்தப் பட்டை இருக்கும் துண்டு எனக்கு என்று பிள்ளைகள் முதலிலேயே சொல்லி வைத்துவிடுவார்கள். அந்தப் பட்டை வர வேண்டும் என்பதற்காகவே மாவைக் கொஞ்சம் கூடுதலாக அடித்தும், அடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னதாக இறக்கியும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.